ஏ-17

நேற்றுவரை பையன்கள் கிரிக்கெட் ஆடிய மைதானத்தில்
லாரியிலிருந்து சுவர்களை இறக்கினார்கள்.
சுவர் என்றால் தகரம், நடுவில் இரண்டு அங்குல நுரை,
மறுபடி தகரம். ஒரே ஆள் தூக்கிவிடலாம்.
மூலைக்கு நாலு போல்ட்டு.
மூன்று மணி நேரத்தில் ஓர் அறை எழுந்து நின்றது,
இரண்டு நாளில் நாற்பது.

கதவில் மராத்தி எழுத்தில் என் பெயரை
தப்பாக எழுதி ஒட்டியிருந்தார்கள்: ஜேப்கானி.
ஜெபக்கனி என்று திருத்தச் சொல்லவில்லை.
ஒரு கதவில் என் பெயர் மட்டும்
இருப்பதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீடு தூரமில்லை.
சயான் பாலம் இறங்கி, தொண்ணூறடி சாலை கடந்து
தாராவிக்குள் நாலாவது சந்து.
நடந்தால் இருபது நிமிஷம்.
போகக் கூடாது என்பதுதான் தூரம்.

அங்கே பத்துக்குப் பன்னிரண்டில் ஆறு பேர்.
நைட் டூட்டி முடிந்து போனால்
யார் எழுந்தார்களோ அவர்கள் பாயில் நான் படுப்பேன்.
பாய் இன்னும் சூடாக இருக்கும்.
உடை மாற்றும்போது மதினி போர்வையைத் திரையாகப் பிடிப்பாள்,
முகத்தைத் திருப்பிக்கொண்டு.
அழ வேண்டுமானால் பொதுக் கழிப்பறை.
அங்கும் தட்டுவார்கள்.

இங்கே
ஒரு கட்டில். ஒரு பல்பு. ஆட்டினால் ஆடும் ஜன்னல்.
உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள்.
முதல் ராத்திரி அதைப்
போட்டேன், எடுத்தேன், போட்டேன்.

யாரிடமும் சொல்லாததைச் சொல்கிறேன்.
அன்று பகலில் என் வார்டில் ஏழு பேர் போனார்கள்.
ஏழாவது ஆளைப் பையில் வைத்து மூடிய பிறகும்
அவர் செல்போன் உள்ளே அடித்துக்கொண்டிருந்தது.
அடித்தது, நின்றது, அடித்தது.
குளித்துவிட்டு வந்து
கையும் காலும் நீட்டிப் படுத்தேன்.
எந்தக் காலும் என் காலில் படவில்லை.
முப்பத்தோரு வயதில் முதல் தடவை.

சந்தோஷமாக இருந்தது.

அதைக் கழுவ ஒரு சோப்பு இருந்தால்
முழங்கைவரை தேய்த்திருப்பேன்,
நாற்பது வினாடி, நகக்கண் விடாமல்.

அம்மா போனில் கேட்டாள்:
"ஒத்தையில கெடக்கியேட்டி, பயமா இருக்கா?"
ஆமா என்றேன்.
அது அவளுக்கு நான் கொடுத்த மாத்திரை.

ஏ-18இல் மயக்க மருந்து டாக்டர், தேவயானி பரஞ்பே.
அந்தேரியில் பெரிய வீடு, பால்கனியில் ஊஞ்சல்.
ராத்திரி மகனுக்கு வீடியோவில் கதை சொல்வாள்.
நுரைச் சுவர் எதையும் மறைக்காது.
ஆமை ஓட்டுக்குள்ளேயே இருந்துவிட்ட கதை.
"எப்போ வெளியே வரும் ஆயி?"
பதிலுக்குப் பதிலாக மூக்குறிஞ்சும் சத்தம்.
நான் புரண்டு படுக்கக்கூட அஞ்சி
மூச்சை அடக்கிக்கொள்வேன்.

குழாயடியில் ஆறடி தள்ளி நின்று ஒருநாள் கேட்டாள்,
"இந்தப் பெட்டிக்குள்ள எப்படித் தூங்கறீங்க சிஸ்டர்?"
மழை பெய்தால் தகரம் கொஞ்சம் சத்தம் போடுது மேடம்
என்றேன்.
அதற்குமேல் சொன்னால் இருவருக்கும் வலிக்கும்.

ஜூலை முழுக்கப் பெய்தது. தரை ஒழுகியது.
பதினொன்றாம் எண்ணில் வார்டுபாய் மாருதிக்குக் காய்ச்சல்;
அறையிலிருந்து வார்டுக்குப் போனான்,
வார்டிலிருந்து திரும்பவில்லை.
அவன் பெயர்ச் சீட்டின் மேலேயே
இன்னொரு பெயரை ஒட்டினார்கள்.

டிசம்பரில் அதே லாரி வந்தது.
போல்ட்டு கழற்றுவதற்கு இன்னும் குறைந்த நேரம்.
எங்கே போகுது இது, கேட்டேன்.
"பன்வேல் பக்கம் பாலம் கட்டறாங்க. சிமெண்டு மூட்டை அடுக்க."
தாழ்ப்பாளும் கூடவே போனது.

இப்போது வீட்டில் ஆறு பேரோடு ஆறாவதாகப் படுக்கிறேன்.
அம்மா தூக்கத்தில் கை நீட்டித் தொட்டுப் பார்க்கிறாள்,
இருக்கிறேனா என்று.
இருக்கிறேன்.

டூட்டிக்குப் போகும் வழியில் மைதானம்.
புல் வெளுத்த நாற்பது செவ்வகங்கள்.
ஒன்றின் ஓரத்தைக் கிரீஸாக வைத்துப்
பையன்கள் ஆடுகிறார்கள்.
பந்து உருண்டு வந்து
என் கட்டில் இருந்த இடத்தில் நின்றது.
"ஆன்ட்டி, பால்!"

சுவர் இருந்த கோட்டைச் சுற்றிப்போய்
கதவு இருந்த பக்கமாக உள்ளே நுழைந்து
எடுத்து எறிந்தேன்.